மாப்ளே, தலைவராகப் போறியாம்ல?

டீக்கடை முக்குல உன் பிளக்ஸைப் பார்த்தேன் மாப்ளே. கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற. பின்னாடி நாலு வெள்ளைக் குதிரை பாயுது. 'வருங்காலத் தலைவரே'ன்னு எழுதி, கீழ நம்ம பயலுக இருவது பேரு தீப்பெட்டிப் படம் அளவுக்குச் சிரிக்கிறாய்ங்க. நல்லாத்தான் இருக்கு. குதிரை எதுக்குன்னுதான் விளங்கலை. தெருவுல திரியிற மாட்டைப் பிடிச்சுப் பட்டியில அடைக்கிறதுதான் ஊராட்சி வேலை. சவாரி போறதெல்லாம் அதுல இல்லையேப்பா.

சரி, ஆசைப்பட்டுட்ட. எங்கக்கா மகன் ஆசைப்பட்டா மாமன் புத்தி சொல்லாம இருக்க முடியுமா? உக்காரு. டீக்காசை நீ குடுத்துரு, இப்பவே பழகிக்க.

மொதல்ல தேர்தல் எப்பன்னு கேட்டு வச்சுக்க. நம்ம பக்கத்து ஊராட்சிகளுக்கெல்லாம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. அஞ்சு வருசம் முடியிறதுக்குள்ள அடுத்த தேர்தலை முடிச்சிரணும்னு அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிருக்கு. எழுதி வச்சிருக்கு, அம்புட்டுத்தான். போன தடவை 2016 அக்டோபர்ல நடக்க வேண்டியது 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு. மூணு வருசம் தனி அலுவலர் ஆட்சி. இப்பவும் தனி அலுவலர்தான். அந்த மனுசன் பி.டி.ஓ. ஒன்றியத்துல இருக்கிற அத்தனை ஊருக்கும் அவரே தலைவர். நம்ம தெரு பல்பு எரியலைன்னு அவர்கிட்டப் போய்ச் சொன்னா, மொதல்ல நம்ம ஊரு பேரைக் கேட்டு எழுதிக்கிறாரு. உன் குதிரை வெயில்ல வெளுக்கிறதுக்குள்ள தேர்தல் வந்துரும்னு எனக்குத் தோணலை. நாளு இருக்கு, அதுக்குள்ள பாடத்தைப் படி.

மொதப் பாடம்: எது உன் வேலை இல்லைங்கிறதை மனப்பாடம் பண்ணிரு. பாதி அரசாங்கம் இந்த ஒரு பாடத்துலதான் ஓடுது. சாதிச் சான்று, பட்டா மாறுதல்னு வந்தா வி.ஏ.ஓ.வைக் கையைக் காட்டு. அவரு வருவாய்த் துறை. ரேஷன் கடை கூட்டுறவுத் துறை. நூறு ஏக்கருக்கு மேல பாசனம் உள்ள கண்மாயா, அது நீர்வளத் துறை. அதுக்குக் கீழயா, ஒன்றியம். ஊரணி மட்டும் உனக்கு. கரண்டுக் கம்பம் மின்வாரியத்துது, அதுல தொங்குற பல்பு உன்னுது. பல்பை வாங்குறது நீ, கம்பத்துல ஏறுறது லைன்மேன். அவரு வர்ற அன்னைக்குப் பல்பு இருக்காது, பல்பு வந்த அன்னைக்கு அவரு இருக்க மாட்டாரு. ரெண்டும் சேந்து வந்த அன்னைக்கு மழை பெய்யும்.

முனியாண்டி கோயில் முக்குல ஒரு பள்ளம் கெடக்கே, அதுல உன் வண்டியும் ஒரு தடவை உருண்டுச்சுல்ல? அந்த எடத்துல மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு, உள்ள வர்ற தார் ரோடு ஒன்றியத்துக்கு, தெருவுல போட்ட சிமென்ட் ரோடு ஊராட்சிக்கு. மூணும் வந்து முட்டுற எடத்துலதான் பள்ளம். மூணு ஆபீசுக்கும் மனு குடுத்தேன். மூணு பேரும் மரியாதையாப் பதில் எழுதியிருந்தாய்ங்க, மத்த ரெண்டு பேருக்கும் நகல் போட்டு. தலைவரானா உனக்கும் அந்தக் கடுதாசி வரும். பத்திரமா வச்சுக்க, அஞ்சு வருசத்துக்கு ஆகும்.

அப்ப எதுதான் உன் வேலைன்னு கேக்குறியா? சாசனத்தோட பதினோராவது அட்டவணையில இருவத்தொம்பது விசயம் போட்டிருக்கு. விவசாயம், கால்நடை, பள்ளிக்கூடம், நூலகம், சந்தை எல்லாம் இருக்கு. அதை பிளக்ஸுல போட்டுக்க. ஊரு உன்னைக் கேக்கப் போறது மூணே மூணு: குழாயில தண்ணி, கம்பத்துல வெளிச்சம், சாக்கடையில ஓட்டம். நீ ஊரு எல்லையில ஆர்ச் கட்டுவேன், சமுதாயக் கூடம் கட்டுவேன்னு பேசிக்கிட்டுத் திரியிறதாக் கேள்விப்பட்டேன். கட்டு. ஆனா காலையில ஆறு மணிக்குத் தண்ணி வராத வீட்டுப் பொம்பளை, ஆர்ச்சைப் பார்த்து மனசு குளிர மாட்டா.

தண்ணின்னு வந்துட்டா ஊருல பெரிய மனுசன் நீ இல்லப்பா. டேங்க் ஆபரேட்டர். அவரு இடுப்புல கெடக்குற வால்வுச் சாவிக்கு முன்னாடி உன் பதவி எம்புட்டு? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு ஜல் ஜீவன் திட்டத்துல கணக்கு. நம்ம தொட்டி முப்பதாயிரம் லிட்டர். ஒரு தடவை ரொம்புனா 545 பேருக்குத்தான் சரியா வரும். அப்ப ரெண்டு தடவை, மூணு தடவை ஏத்தணும். மும்முனை கரண்டு இருக்கணும், போர்ல தண்ணி இருக்கணும், ஆபரேட்டருக்கு அன்னைக்குக் கல்யாண வீடு இருக்கக் கூடாது. வால்வைத் தெறந்ததும் மேலத்தெருவுல சரசரன்னு கொட்டும். கீழத்தெருக் கடைசி வீட்டுக்குப் போகும்போது குழாய் உஸ்ஸுனு மூச்சு விடும், அம்புட்டுத்தான். ஏன் போகலை? நடுவுல பத்து வீட்டுல குழாயில நேரா மோட்டார் மாட்டி இழுக்குறாய்ங்க. அந்தப் பத்துல ஒண்ணு மாடி வீடு, வாசல்ல புது பைக் நிக்கும், பெயின்ட் மாம்பழக் கலரு. எந்த வீடுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கக்கா அங்கதான் இருக்கு.

அடுத்தது செக்கு. இதுல நல்லாக் காது குடு. ஊராட்சிப் பணத்தை எடுக்கணும்னா தலைவர் கையெழுத்து மட்டும் பத்தாது, துணைத் தலைவரும் போடணும். தலைவரை ஊரு தேர்ந்தெடுக்கும். துணைத் தலைவரை வார்டு மெம்பருகள்லேருந்து மன்றத்துக்குள்ளயே தேர்ந்தெடுப்பாய்ங்க. அதுல பாதிக்கு மேல ஓட்டு கையில இருந்தாப் போதும். நீ ஊரெல்லாம் கெடா வெட்டி, இளஞ்சிவப்புச் சீட்டுல ஓட்டு வாங்கி, மாலையோட வந்து உக்காருவ. தோத்தவன் சத்தமில்லாம அம்புட்டு மெம்பருக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் குடுத்து, அவன் மச்சினனைத் துணைத் தலைவரா உக்கார வச்சிருவான். சோலி முடிஞ்சுச்சு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. நீ செக்கு எழுதிக்கிட்டுப் போற அன்னைக்கு அவரு திருப்பூருல மக வீட்டுல இருப்பாரு. வந்த அன்னைக்குக் கண்ணாடி ஒடஞ்சிருக்கும். கண்ணாடி மாத்துன அன்னைக்கு, 'இந்த மோட்டார் ரிப்பேர் பில்லுல எனக்கு ஒரு சந்தேகம்'பாரு. மோட்டார் சுடுகாட்டுப் பக்கம் கெடக்கும், ஊரு குடத்தைத் தூக்கிக்கிட்டு வயக்காட்டு போர்செட்டுக்கு நடக்கும்.

இந்தக் காட்சியை நான் நாலு தலைவருக காலத்துல பார்த்துட்டேன். ஒரு தடவை சண்டை முத்தி, கலெக்டரு ஊராட்சிச் சட்டம் 203-ஆம் பிரிவுல தலைவரோட கையெழுத்து அதிகாரத்தையே நிப்பாட்டி வச்சாரு. 205-னு ஒண்ணு இருக்கு, அதுல நாற்காலியே போயிரும். இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகத்துல வையி. உன் பைக் நம்பரை விட இது முக்கியம். ஆனா ஒண்ணு, ரெண்டு கையெழுத்துங்கிறதைக் கண்டுபிடிச்சவன் விவரமானவன். ரெண்டு பேரும் சண்டை போட்டா வேலை நடக்காது, ஒத்துப் போயிட்டா வேலை நடந்ததாக் கணக்கு நடக்கும். எதுடா ஊருக்கு நல்லதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

இப்ப கிராம சபைக்கு வருவோம். உன் ராசாங்கத்தோட உசிரு அங்கதான் இருக்கு. முன்னாடி வருசத்துக்கு நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லேருந்து மார்ச் 22 தண்ணி தினத்தையும், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேத்து ஆறாக்கிட்டாய்ங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எவனும் உனக்குச் சொல்ல மாட்டான். அந்தப் பழைய நாலு நாளும் சாராயக் கடைக்கு லீவு. ஊரு ஆம்பளையாளுக தெளிவா இருப்பாய்ங்க, கேள்வி கேப்பாய்ங்க. புதுசாச் சேத்த ரெண்டு நாளும் கடை தெறந்திருக்கும். சிக்கலான விசயம் எதாச்சும் இருந்தா எந்தத் தேதியில கொண்டு வரணும்னு நீயே முடிவு பண்ணிக்க. பொம்பளையாளுக எல்லா நாளும் தெளிவாத்தான் இருக்காங்கங்கிறதை மட்டும் மறந்துறாத. முந்துன தலைவரு மறந்துட்டுத்தான் மாட்டுனாரு.

சபை செல்லணும்னா ஆளு வேணும். ஐநூறு பேரு உள்ள ஊருக்கு அம்பது, மூவாயிரம் வரைக்கும் நூறு, பத்தாயிரம் வரைக்கும் எரநூறு, அதுக்கு மேல முந்நூறு. நூறு பேருக்கு எங்க போறதுன்னு பயப்படாத. நூறு நாள் வேலை அட்டை வச்சிருக்கிற சனத்துக்கு, 'வரலைன்னா பேரு விட்டுப் போயிரும்'னு ஒரு வார்த்தை காதுல போட்டா வந்துரும். சட்டத்துல அப்படி எங்கயும் இல்லை. ஆனா அந்த வார்த்தைதான் பல ஊருல சபையைத் தாங்கி நிக்குது. மரத்தடியில தார்ப்பாய் விரிச்சு, ஒரு மைக்கு, ஒரு காந்தி படம், தட்டுல மிக்சரு. மைக்கு கொய்ங்குனு கத்தும். அதை நிப்பாட்ட எலக்ட்ரீசியன் போராடுற நேரத்துலதான் செயலரு வரவு செலவை வாசிப்பாரு. படிவம் 30-னு ஒரு பேனரு கட்டணும், அதுல கணக்குப் பூராவும் இருக்கும். அதைக் காந்தி படத்துக்குப் பின்னால கட்டிரு. மகாத்மாவை நகட்டிட்டுக் கணக்குப் பாக்க எவனுக்கும் மனசு வராது.

அப்பறம் தீர்மானப் புத்தகம். இந்தப் புத்தகத்தோட தமிழை நீ ரசிச்சுப் படிக்கணும். 'ஊராட்சியின் வரவு செலவு கணக்கு சபையின் பார்வைக்கு வைக்கப்பட்டது. சபை பார்த்து ஒப்புதல் அளித்தது.' பொய் ஒண்ணும் இல்லை. மேசை மேல வச்சிருந்தாய்ங்க, நாங்க பார்த்தோம். அட்டையைப் பார்த்தோம். 'சபை விரிவாக விவாதித்து ஏகமனதாகத் தீர்மானித்தது'ன்னு இருக்கும். விரிவா விவாதிச்சது எதை? மிக்சருல முந்திரி இல்லைங்கிறதை. பிளீச்சிங் பவுடர் வாங்குன வகையில, பைப் ஒடப்பு சரி பண்ணுன வகையில, மோட்டார் காயில் கட்டுன வகையில... அந்தப் புத்தகத்துல இருக்கிற பிளீச்சிங் பவுடர் பூராவும் வாங்கியிருந்தா நம்ம ஊரு சுண்ணாம்புக் காளவாசலாட்டம் வெளுத்திருக்கணும் மாப்ளே. காயில் கட்டுன கணக்கைப் பார்த்தா அந்த மோட்டாருக்குள்ள காயிலைத் தவிர ஒண்ணுமே இருக்க முடியாது.

கையெழுத்து வாங்குறதுல ஒரு வித்தை இருக்கு. கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்து ஆரம்பிக்கிற எடத்துக்கும் நடுவுல ஒரு முழம் வெத்து எடம் விட்டிருப்பாய்ங்க. சனம் மொதல்ல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிரும். அந்த வெத்து எடத்துல தீர்மானம் ராத்திரிதான் மொளைக்கும். எங்கிட்டப் புத்தகம் வந்துச்சுன்னா நான் பேனாவை எடுத்து, அந்த எடத்துல மேல ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும் குறுக்க ஒரு கோடு இழுத்து, அதுக்கடியில ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். மொத தடவை செயலரு, 'என்ன பெரியப்பா, புத்தகத்தைக் கெடுத்துட்டீங்களே'ன்னாரு. 'கண்ணு சரியாத் தெரியலப்பா, கோட்டைப் பிடிச்சாத்தான் கையெழுத்து நேரா வருது'ன்னேன். அன்னையிலேருந்து எனக்குக் கடைசியிலதான் புத்தகம் வருது. நானும் கடைசி வரைக்கும் எந்திரிக்கிறதில்லை. நீ தலைவரா வந்தா என்னை மொதல்ல கூப்புடு, மரியாதையா இருக்கும். கோடு மட்டும் போடுவேன்.

ஏலத்தைப் பத்திச் சொல்லணும், அதுதான் உனக்குப் பிடிச்ச பாடமா இருக்கும். ரோட்டோரப் புளியமரம், ஊரணி மீன்பாசி இதெல்லாம் ஊராட்சிக்கு வருமானம். ஏல அறிவிப்பை ஆபீசு நோட்டீஸ் பலகையில ஒட்டணும். ஒட்டுவாய்ங்க. பலகை ஆபீசுக்கு உள்ள இருக்கும், ஆபீசு பூட்டியிருக்கும். அன்னைக்கு டேவணி கட்டுனவன் மூணே பேரு. ஒருத்தன் மாமன், ஒருத்தன் மச்சான், மூணாவது ஆளு சும்மா சத்தம் போடுறதுக்கு. 'ஒரு தரம்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு தரமும் முடிஞ்சிரும். நம்ம ஊருல ஒரு தடவை இப்படி முடிச்சுட்டு, அடுத்த கிராம சபையில தொகையை வாசிச்சாய்ங்க. ஓரமா உக்காந்து புளி தட்டிக்கிட்டிருந்த கெழவி ஒருத்தி எந்திரிக்கவே இல்லை, கையை மட்டும் நிப்பாட்டிட்டுக் கேட்டா: 'ஏலே, மடைக்கிட்ட நிக்கிற ஒத்த மரத்துப் புளியை மட்டும் சந்தையில போட்டாலே இந்தக் காசு வருமே, மிச்ச மரமெல்லாம் இந்த வருசம் மலடாலே?' மைக்கு இல்லாமயே கடைசி வரைக்கும் கேட்டுச்சு. மறு ஏலம் விட்டாய்ங்க. அவ கையெழுத்துப் போடத் தெரியாதவ, ரேகைதான்.

ஏலத்துல மாமன், மச்சான்னு உறவுக்காரனைச் சொன்னதும் உத்திரமேரூர் ஞாபகம் வருது. பராந்தக சோழன் காலத்துல, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடி, குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆளு எடுத்ததைக் கோயில் சுவத்துல வெட்டி வச்சிருக்காய்ங்க. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல, எழுவதுக்குள்ள இருக்கணும். வரி கட்டுற நெலம் கால் வேலியாச்சும் இருக்கணும். சொந்த மனையில சொந்த வீடு கட்டியிருக்கணும். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனை மறுபடி சேக்கக் கூடாது. அவனை மட்டுமில்லை, அவன் சின்னம்மா பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், கூடப் பொறந்தவளைக் கட்டுனவன் வரைக்கும் ஆகாதுன்னு வரிசையா வெட்டியிருக்கு. அந்தச் சட்டத்தை இன்னைக்கு நம்ம ஊருக்குப் போட்டா, நிக்கிறதுக்கு அந்த டேங்க் ஆபரேட்டரு மட்டும்தான் மிஞ்சுவாரு, அவரு வெளியூரு. மேடையில உத்திரமேரூரைப் பேசுறவன் எவனும் இதைச் சொல்றதில்லை. அது பிராமணச் சபைங்கிறதையும் சொல்றதில்லை. வேதம் தெரிஞ்சிருக்கணும்னும் அதுல இருக்கு. நீயும் நானும் குடம் வச்ச எடத்துக்குப் பக்கத்துல போயிருக்க முடியாது.

அம்புட்டு தூரம் போவானேன். நம்ம உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்காரங்களுக்கு ஒதுக்குனதுக்காக 1996-லேருந்து பத்து வருசம் தேர்தலை ஒழுங்கா நடத்த விடலை. 2006-லதான் ஒரு வழியாத் தலைவருக உக்காந்தாங்க. இதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு நையாண்டி வராது. விட்டுரு. ஆனா நம்ம ஊராட்சி ஆபீசுல எல்லா மெம்பருக்கும் ஒரே மாதிரி நாற்காலி கெடக்கான்னு ஒரு நாள் போய் எண்ணிப் பாரு.

இன்னொரு கண்டம் இருக்கு உனக்கு. 2016-லேருந்து பாதி எடம் பொம்பளைகளுக்கு. சுழற்சியில நம்ம ஊரு பெண்கள் ஊராட்சின்னு வந்துட்டா என்ன பண்ணுவ? தெரியும்டா, பிளக்ஸை மாத்துவ. உன் வீட்டுக்காரி படம் ஓரத்துல, உன் படம் நடுவுல. குதிரை அப்படியே இருக்கும். நாளைக்கு நீ 'தலைவர் வீட்டுக்காரர்'னு ஒன்றிய ஆபீசுல போய்க் கால் மேல கால் போட்டு உக்காரலாம்னு கணக்கு. பாத்துக்க. அந்தப் புள்ளை ஏழு வருசமா மகளிர் குழுவுக்கு ரொக்கப் புத்தகம் எழுதுது. ரசீது இல்லாம அஞ்சு ரூபா எழுதாது. போன மாசம் குழுக் கூட்டத்துக்கு நீ டீ வாங்கிக் குடுத்துட்டு முப்பது ரூபாயைக் கூடச் சொன்னியாமே, கடையில போய்க் கேட்டுட்டு வந்து கோடு போட்டு எழுதியிருக்கு. ஊராட்சிச் செக்குல கையெழுத்துப் போட அதை உக்கார வச்சுட்டு, நீ பிளீச்சிங் பவுடர் பில்லைக் கொண்டு போய் நீட்டிப் பாரேன், நான் திண்ணையில உக்காந்து வேடிக்கை பாக்குறேன்.

செலவு? தலைவர் வேட்பாளர் 34,000 ரூபாய்க்கு மேல செலவழிக்கக் கூடாதுன்னு 2019-ல உச்சவரம்பு வச்சாய்ங்க. உன் பிளக்ஸு, குதிரை வகையறாவே அதுல பாதி தின்னிருக்கும். நிக்கிறேன்னு சொல்றதுக்கு முன்னாடியே செலவழிச்சுட்டதால அது கணக்குல வராது, அதுல நீ கெட்டிக்காரன்தான்.

மனுத்தாக்கலுக்கு 600 ரூபா டெபாசிட். அதை நானே தர்றேன், தாய்மாமன் முறை. கூடவே ஊராட்சிக்கு வரிபாக்கி இல்லைன்னும் காட்டணும். அங்கதான் ஒரு சின்ன சங்கடம். வீட்டு வரிப் பதிவேட்டைப் போன சபையில பொரட்டிப் பாத்தேன். உங்க வீடு அதுல இன்னமும் ஓட்டு வீடு. மச்சான் உசிரோட இருந்தப்ப போட்ட வரி. நீ அதை இடிச்சு, ரெண்டு தளம் கட்டி, மாம்பழக் கலரு அடிச்சுக் கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்புட்டு வடை போட்ட. செயலரும் ரெண்டு வடை தின்னாரு. புத்தகத்துல மட்டும் ஓடு பிரியலை. அந்தப் பழைய வரியிலயும் மூணு வருசம் பாக்கி நிக்குது.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் செயலரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். வீட்டை அளந்து புது வரி போட்டுருவோம். டேப்போட ஒரு முனையை நான் பிடிச்சுக்கிறேன், மறு முனையை நீ பிடி. அது தண்ணி தெறக்குற நேரம். நாங்க வர்றதுக்குள்ள குழாயில மாட்டியிருக்கிறதைக் கழட்டி உள்ள வச்சிரு மாப்ளே.